நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சொல்லிக்கொடுக்க வைக்கலாமா?

கேள்வி, ஜூலை 2

என் மகள் நாலாம் வகுப்பு. தமிழ், இங்கிலீஷ் இரண்டும் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். இந்த வருடம் டீச்சர் அவளுக்குப் பக்கத்தில், இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிற ஒரு பையனை உட்காரவைத்து, "தினமும் இவனுக்குக் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அவன் பேச்சுதான். எதை வாசித்தான், எங்கே திக்கினான், நாளைக்கு எந்தப் பாடம். இவள் எப்போது படிப்பாள்? சம்பளம் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய வேலையைப் பிள்ளை தலையில் கட்டுவது சரியா? இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு

உங்கள் மகளுக்கு நஷ்டம் இல்லை. நான் புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் கையில்.

போன வருடம் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். 1/3 பெரிதா, 1/4 பெரிதா? வகுப்பிலேயே வேகமாகக் கணக்குப் போடுகிற பெண் "1/3" என்று உடனே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் 1/4 என்று எழுதியிருந்தான். நாலு மூணைவிடப் பெரிசு இல்லையா? அவனுக்குச் சொல்லிக்கொடு என்றேன். "கீழ இருக்கிற நம்பர் பெருசா இருந்தா பின்னம் சின்னது, அவ்வளவுதான்" என்றாள். "ஏன்?" என்றான். அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மறுபடியும் "ஏன்?" நான் குறுக்கே போகவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஒரே அளவில் இரண்டு பட்டை எடுத்தாள். ஒன்றை நாலாக மடித்துவிட்டாள். இன்னொன்றை மூன்றாக மடிக்க வரவில்லை, கோணிக்கொண்டே போனது. அவன் அதை வாங்கி, லேசாகச் சுருட்டி, ஓரங்களை நகர்த்திச் சரிபார்த்து, அமுக்கி மூன்று பங்காக்கினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "எங்க வீட்ல நாங்க மூணு பேரு. மாமா பையன் வந்துட்டா நாலு. அன்னைக்குக் கடலைமிட்டாய் வாங்குனா எனக்குச் சின்னதுதான் கிடைக்கும். அதானே இது?"

அந்தப் பெண் அவனையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். விதியாக மட்டும் வைத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. பிறகு சமான பின்னங்கள் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினார்கள், அவள் தடுமாறவில்லை.

தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியவைக்க முயலும்போதுதான் எவ்வளவு தெரியும் என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. பரீட்சைத் தாளில் விடை மட்டும் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் "ஏன்" என்று கேட்பான்.

ஜூலை 3

சம்பள விஷயம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சம் ஒருவர். அந்த நாளில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்காவிட்டால் வகுப்பே நடக்காது.

ஆனால் அதையே சாக்காக வைத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையை இன்னொரு பிள்ளையிடம் தள்ளிவிடக் கூடாது. எழுத்தை அறிமுகப்படுத்துவது, எங்கே சிக்கல் என்று கண்டுபிடிப்பது, எதை முதலில் எதை அப்புறம் என்று முடிவுசெய்வது எல்லாம் டீச்சர் வேலை. உங்கள் மகள் செய்யக்கூடியது, டீச்சர் நடத்திய பாடத்தை அவன் வாசிக்கும்போது கூட இருப்பது, திக்கிய இடத்தில் எடுத்துக்கொடுப்பது. டீச்சர் தானும் தினமும் அந்தப் பையனோடு உட்காருகிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். உட்காருகிறார் என்றால் கவலையை விடுங்கள். இல்லையென்றால் உங்கள் கோபம் நியாயம், அதுவும் முதலில் அந்தப் பையனுக்காகக் கோபப்பட வேண்டும்.

ஜூலை 5

"இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி, நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது சென்னையிலிருந்து கப்பலேறிப் போன முறை.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை இல்லத்து ஆண்பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மனம் வைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், அது நடந்துவிட்டது. அப்புறம் பள்ளி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மாற்றினார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்ததைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூத்த பையன் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பான், ஒப்பிக்க வைப்பான், வராதவனை இழுத்துக்கொண்டு வருவான்.

ஜூலை 5, இரவு

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் சொன்னதாக ஆகிவிடும். ஏறக்குறைய அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே மாதிரி பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையில் சட்டாம்பிள்ளைகள். செலவு குறைவு என்பதால்தான் அத்தனை வேகமாகப் பரவியது. லங்காஸ்டர் பிரம்படியை ஒதுக்கினார். பதிலுக்குப் பரிசுச் சீட்டு, பதக்கம், விளையாட்டுச் சாமான். தவறு செய்தவன் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார், கூடையில் உட்காரவைத்துக் கூரையில் கட்டித் தூக்கினார்.

சட்டாம்பிள்ளைக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் வந்துவிட்டால் பிள்ளைக்குள் இருக்கிற கொடுக்கும் குணம் சுருங்கிவிடுகிறது. உங்கள் மகளின் டீச்சர் அவளை லீடர் ஆக்கினாரா, கூட்டாளி ஆக்கினாரா என்பதில்தான் என் கவனம் போகிறது. அவன் பெயரைப் போர்டில் எழுதும் உரிமை அவளுக்கு இருக்கிறதா? இருந்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஜூலை 9

செயல்வழிக் கற்றல் நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்து முன்னேறுகிற முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையை ஒட்டி. 2007-08-ல் தமிழகம் முழுக்க வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். சுவரோரம் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப் படத்தைப் பார்த்து, தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு பிள்ளையே தன் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்தந்தக் குழுவில் உட்காரும். டீச்சர் கூட இருக்கிற குழு ஒன்று, தானே படிக்கிற குழு ஒன்று, நடுவில் சக பிள்ளைகள் உதவுகிற குழு.

அந்த நடுக் குழுவைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். வகுப்பு வித்தியாசம் இல்லாமல் ஒன்று முதல் நாலு வரை கலந்து இருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையைப் படித்துக் காட்டும். ஒருமுறை ஒரு சின்ன டீச்சரம்மா என்னிடம் வந்து புகார் சொன்னாள்: "டீச்சர், நேத்து நான் சொல்லிக்குடுத்ததை எல்லாம் இவன் வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டான்." நான் சிரித்துவிட்டு, "நீ என்ன செய்யப்போற?" என்றேன். "இன்னைக்கும் சொல்லிக்குடுக்கறேன், பையிலயே வெச்சுக்கடான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

குறைகளும் இருந்தன. அட்டை தொலைந்தால் அந்தப் படி நின்றுபோகும். வேகமான பிள்ளை அட்டையை முடிப்பதே குறியாக ஓடும். இப்போது தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அதில் பிள்ளையின் கற்றலைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் ஒரு பாடத்தில் அரும்பாக இருக்கிற பிள்ளை எதில் மலர் என்று தேடிப் பிடிப்பது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 14

உதவுகிற பிள்ளைக்கு ஸ்டார் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம்.

முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், யாருக்காவது உதவினால் சார்ட்டில் ஒரு ஸ்டார் என்று வைத்திருந்தார்கள். முதல் வாரம் பார்க்கவே ஆசையாக இருந்தது. அடுத்த வாரம், ரப்பர் கையில் இருக்கிற பிள்ளைக்கே ரப்பர் கொடுக்க இரண்டு பேர் ஓடினார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட அடிதடி. கணக்குத் தெரியாத ஒருத்தியிடம் மட்டும் யாரும் போகவில்லை. அவளுக்குப் புரியவைக்க நேரமாகும், அதற்குள் நாலு ஸ்டார் வாங்கிவிடலாம். சார்ட்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நாள் பிள்ளைகள் உதவி செய்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஜூலை 15

இதற்குச் சோதனை உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இருவர் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்தார்கள், 2008-ல் வெளிவந்தது. பெரியவர் கைக்கு எட்டாத பொருளைக் குழந்தை எடுத்துக் கொடுக்கும். சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு தடவையும் விளையாட்டுச் சாமான் பரிசு, சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு பரிசை நிறுத்தியதும், பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் எடுத்துக் கொடுப்பது குறைந்துவிட்டது. மற்றவை எப்போதும்போல எடுத்துக் கொடுத்தன.

ஜூலை 21

பேச்சு பிறந்தநாள் மிட்டாய்க்குப் போய்விட்டது, போகட்டும், அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

எங்கள் பள்ளியில் பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ், கையில் சாக்லேட் பாக்கெட். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும், அல்லது பிறந்தநாளையே சொல்லாது. ஒரு பெண், அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர், யூனிஃபார்மிலேயே வந்து துணிப்பையைத் திறந்தாள். பை நிறையக் கொடுக்காப்புளி. விடிகாலையில் கண்மாய்க்கரை மரத்தில் அண்ணனோடு போய்ப் பறித்தது. சிவந்து வெடித்ததாகப் பார்த்து ஒவ்வொருவருக்கும் இரண்டு இரண்டு எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது கருப்பு விதையைத் துப்பிவிடச் சொல்லி எச்சரித்தாள். அன்றைக்குச் சாக்லேட் நாளைவிட அதிகச் சத்தம் வகுப்பில். அடுத்து வந்த பிறந்தநாளுக்கு ஒரு பையன் அவித்த கடலை கொண்டுவந்தான், இன்னொருத்தி வீட்டு மரத்து நெல்லிக்காய். நான் ஒரு சட்டமும் போடவில்லை.

ஜன்னலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். துண்டுப் பென்சில், ரப்பர், ஸ்கேல். வேண்டியவர் எடுப்பார், முடிந்தவர் போடுவார். யார் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. சில பள்ளிகளில் நேர்மைக் கடை என்று காசு போட்டு எடுக்கிற மாதிரி நடத்துகிறார்கள், நல்ல காரியம், ஆனால் காசில்லாத பிள்ளை அதன் பக்கம் போகாது. எனக்கு டப்பாதான் பிடித்திருக்கிறது.

ஜூலை 22

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொன்ன சகோதரர் சரியாகச் சொன்னார். பள்ளி மதிய உணவைப் பாருங்கள்: 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராசர் விரித்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது. எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முட்டையில் மஞ்சக்கருவை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு அவள் வெள்ளையை இவள் வாங்கிக்கொள்வதை எங்கள் வரிசையில் தினமும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் சீக்கிரம் வருகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மணியடிக்கும்வரை இருக்கிற நேரத்தில்தான் வேப்பமரத்தடியில் ஜோடி ஜோடியாக வாசிப்பு. பசியோடு வந்த காலத்தில் அந்த நேரத்தில் தலையைக் கவிழ்ந்து படுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 3

தனியார் பள்ளிப் பெற்றோர் ஒருவர், ஏழைப் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைத்தால் தன் பிள்ளையின் தரம் குறையும் என்று எழுதியிருக்கிறார். இதற்கு டெல்லியில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் செய்தது, 2019-ல் வெளியானது. 2007-ல் டெல்லியில் பல தனியார் பள்ளிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அப்படிச் சேர்ந்த பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளை, அப்படிப் படிக்காதவர்களோடு ஒப்பிட்டார். சேர்ந்து படித்தவர்கள் அதிகமாகப் பகிர்ந்தார்கள், தொண்டு வேலைக்கு அதிகமாக முன்வந்தார்கள். ரிலே ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, ஏழைப் பையன் என்பதற்காக நன்றாக ஓடுகிறவனை ஒதுக்குவது அவர்களிடம் குறைந்திருந்தது. மதிப்பெண்ணில் கணக்கும் இந்தியும் குறையவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் கொஞ்சம் சரிவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னை யோசிக்க வைத்தது வேறு விவரம். சில பள்ளிகளில் படிப்புக் குழுவைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். அதனால் ஒரே வகுப்பில் இருந்தாலும் சிலருக்குத்தான் ஏழைப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் உட்காரக் கிடைத்தது. குணம் மாறியதில் பெரும்பங்கு அந்த உட்கார்தலில் இருந்து வந்தது. உங்கள் மகளின் டீச்சர் இடத்தை மாற்றி உட்காரவைத்தது சின்ன விஷயமில்லை.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, இந்த இழை முழுக்கக் கொடுக்கிற பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. அதனால் அவளுக்கு என்ன நன்மை, என்ன நஷ்டம், அவள் குணம் எப்படி வளரும். எனக்கு அந்தப் பையன் நினைப்பாகவே இருக்கிறது.

தினமும் வாங்கிக்கொண்டே இருப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம்! வாசிக்க வராது என்று நாற்பது கண்கள் பார்க்க, பக்கத்துப் பெண் பொறுமையாகச் சொல்லித்தர, அவள் நல்லவள் என்று டீச்சர் பாராட்ட, இவன் குனிந்தே இருப்பான். கொஞ்ச நாளில் "எனக்கு வராது" என்பதே அவன் அடையாளமாகிவிடும். என் வகுப்பில் அப்படி ஒருவன். ஆடு மேய்க்கிற வீடு. ஆட்டுக்கு எந்தத் தழை கொடுக்கலாம், எது வயிறு உப்ப வைக்கும், குட்டி எத்தனை நாளில் நிற்கும் எல்லாம் தெரியும். அறிவியலில் தாவரப் பாடம் வந்தபோது வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போய் அவனை நடத்தச் சொன்னேன். பள்ளிச் சுற்றுச்சுவரோரம் குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, ஆடாதொடை என்று தொட்டுத் தொட்டுக் காட்டினான். கீழாநெல்லியின் இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குவதை இலையைத் திருப்பிக் காட்டினான். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் நோட்டை எடுத்து அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு பெயரை எப்படி எழுதுவது என்று அவனிடமே கேட்டாள். அவன் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினான், ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது, அவள் ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து வாசிக்க உட்காரும்போது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பேரும் கொடுக்க வேண்டும். அந்தப் பையன் என்ன கொடுக்கிறான் என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் டீச்சரிடம் பேசுங்கள்.

ஆகஸ்ட் 4, இரவு

இதையும் எழுதிவிடுகிறேன். 1991-ல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. எங்கள் தெருவில் ராத்திரி வகுப்பு. அம்மா பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து சிலேட்டோடு உட்காருவார். வகுப்பில் விட்டதை வீட்டில் நான் சொல்லிக்கொடுப்பேன். 'ழ' எழுதக் கை வளையவில்லை என்று அம்மா சலித்துக்கொள்வார். அதே சமயத்தில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அம்மாவும் பழகினார், பழகிவிட்டு என்னைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி எனக்கும் பழக்கிவிட்டார். அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த சந்தோஷத்தில்தான் நான் டீச்சர் ஆனேன்.

ஆகஸ்ட் 18

கேள்வி கேட்ட சகோதரியின் புதுச் செய்தி பார்த்தேன். மகள் அந்தப் பையனின் வீட்டுப்பாடத்தையும் தானே எழுதிக் கொடுக்கிறாள், "பாவம்மா அவன்" என்கிறாள்.

அவளைத் திட்டாதீர்கள். மனசு நல்ல மனசு. ஆனால் எழுதிக் கொடுத்தால் அவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. என் வகுப்பில் ஒரே ஒரு விதி: பென்சில் எப்போதும் படிக்கிறவன் கையில் இருக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கிறவர் தொடக் கூடாது. விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம், தன் நோட்டில் எழுதிக் காட்டலாம். இரண்டாவதாக, அவன் யோசிக்கிற நேரத்தில் பேசாமல் இருக்கப் பழக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். மனசுக்குள் பத்து எண்ணச் சொல்லுவேன். "பாவம்" என்று அவன் காதுபடச் சொல்லக் கூடாது என்பதையும் நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் 7

பருவத் தேர்வு வருகிறது, இப்போதாவது பிரித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். நான் பிரிப்பதில்லை. அந்த வாரங்களில் நேரத்தை மட்டும் குறைப்பேன், கால்மணி போதும். அதிலும் கேள்வி கேட்கும் வேலையை மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பேன். அவன் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி வாசிப்பான், அவள் பார்க்காமல் பதில் சொல்லுவாள். அவனுக்கு வாசிப்பு ஆயிற்று, அவளுக்குத் திருப்புதல் ஆயிற்று. தேர்வு முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கும்போது ஜோடியை மாற்றிவிடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே பிள்ளையிடம் வருடம் முழுக்க வாங்க வேண்டாம், ஒரே பிள்ளை வருடம் முழுக்கக் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த தடவை உங்கள் மகளைக் கோலம், படம், கபடி எதிலாவது அவளைவிடத் தேர்ந்த ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.